ஒரு மூலை இல்லாத போர்வை

வானொலி நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் குளிர் பழகிவிடும். கருவிகள் சூடேறக் கூடாது என்பதற்காக ஒலிபரப்பு அறையை எந்நேரமும் குளிராகவே வைத்திருப்பார்கள். காலை நிகழ்ச்சி செய்கிற எல்லாருடைய நாற்காலியிலும் ஒரு சால்வையோ பழைய ஜாக்கெட்டோ தொங்கும். "இன்று கோலாலம்பூரில் நல்ல வெயில், நேயர்களே" என்று நான் சொல்லும்போது காலில் கம்பளிக் காலுறை இருக்கும். அதனால் குளிரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடந்த ஆண்டு அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நம் நாட்டில் 50,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போய் வருகிறார்கள். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இனிப்பு நீர்தான் காரணம். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதே இருக்காது. உங்கள் வீட்டிலும் யாராவது சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார்கள்.

அந்த நாற்காலியில் வருகிற குளிர் வேறு. உடம்பிலுள்ள ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகி, மறுபடி உள்ளே போகிறது. வழியில் அது சூட்டை இழக்கிறது. போதாததற்கு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தச் சோகையும் இருக்கும். மேலே ஏர்கோன். இரண்டு மணி நேரம் தாண்டியதும் அம்மாவுக்குப் பல் கிட்டும். "மிஸ்ஸி, இன்னைக்குப் போதும், கழட்டிடுங்க" என்பார். முதல் இரண்டு மாதத்தில் முழு நேரம் படுத்திருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

அரை மணி நேரம்தானே என்று எனக்கும் தோன்றியது. மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். வாரத்துக்கு மூன்று அரை மணி நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம். நான்கு வாரத்தில் ஆறு மணி நேரம். மாதத்துக்கு ஒன்றரை தடவை டயாலிசிசுக்கே வராமல் இருப்பதற்குச் சமம். உடம்பு அந்தக் கணக்கை மறக்காது என்றார்.

அன்று மாலையே கடைக்குப் போய் நல்ல தடிமனான போர்வை ஒன்றை வாங்கினேன். அடுத்த முறை அம்மா அதைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஐந்தே நிமிடத்தில் தாதி வந்து விலக்கிவிட்டார்.

தாதி மீது தவறில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் கையில் அறுவை சிகிச்சை செய்து, ஒரு நாளத்தைத் தமனியோடு இணைத்துவிடுவார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அங்கே ரத்தம் வேகமாக ஓடும். அதில்தான் இரண்டு ஊசிகளும் ஏறியிருக்கும். ஊசி ஒன்று நழுவினால் ரத்தம் மளமளவென்று வெளியேறிவிடும். சில சமயம் இயந்திரத்தின் மணிகூட உடனே அடிக்காது. அதனால் ஊசி ஏறிய கை எப்போதும் தாதியின் கண்ணில் பட வேண்டும். போர்வைக்குள் போகவே கூடாது. அம்மாவுக்கு அது இடது கை. அந்தக் கையை வெளியே விட்டால் போர்வை நெஞ்சிலிருந்து சரிந்து இடுப்புக்கு வந்துவிடுகிறது. ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து அலுத்துப்போன அம்மா, வீட்டுக்கு வந்ததும் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். "எனக்கு வேணாம்மா. நீயே போர்த்திக்க."

இந்த இடத்தில்தான் நூல் வருகிறது.

எங்கள் அம்மா கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்த பிறகு, சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் மங்கு எடுப்பதை விட்டுவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். 1985இல் பினாங்குப் பாலம் திறந்ததும் கூலிமிலிருந்தும் பஸ் போனது. அம்மா அதற்கு மறுவருஷம் சேர்ந்தார். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து ஒட்டுகிற வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காரும் மலாய் அக்கா ஒருவர் கொக்கி ஊசியால் பின்னிக்கொண்டே வருவாராம். அவரிடம் கற்றுக்கொண்டதுதான் அம்மாவின் குரோஷே.

அந்தக் காலத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி மேல் வெள்ளை நூல் விரிப்பு, அதன் மேல் ஒரு பூச்சாடி. தொலைபேசிக்கு ஒரு விரிப்பு. ஐஸ்பெட்டிக் கைப்பிடிக்கு ஓர் உறை. எங்கள் வீட்டில் தண்ணீர்க் கூஜாவுக்குக்கூட மணி கோத்த மூடி இருந்தது. இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது தோழிகள் வருகிறார்கள் என்றால் நான் முதலில் செய்கிற வேலை அந்த விரிப்புகளையெல்லாம் சுருட்டி அறைக்குள் எறிவதுதான். அம்மா எதுவும் சொன்னதில்லை. தட்டைத் தொலைக்காட்சி வந்தபோது அந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்தது. அதன் மேல் எதையும் வைக்க முடியாது.

நான் கொக்கி ஊசியைத் தொட்டது 2020 மார்ச்சில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது. நாட்டில் பாதிப் பேர் ரொட்டி சுட்டார்கள், மீதிப் பேர் பின்னினார்கள். காணொளி பார்த்து ஒரு முயல் பொம்மை, முக்கால் தொப்பி, ஒரு ஸ்வெட்டரின் இடது கை வரை வந்தேன். இந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வாங்கிய நூலெல்லாம் அரையும் குறையுமாக ஒரு பையில் கிடந்தது. அதையும் அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் இருந்ததையும் கொட்டிச் சமையலறைத் தராசில் வைத்தேன். 340 கிராம். எல்லாமே மிச்சம். எந்த நிறமும் ஒரு கைப்பிடிக்கு மேல் இல்லை.

கைப்பிடி அளவு நூலை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய ஒன்று சதுரம்தான். நடுவில் சின்ன வளையம். அதைச் சுற்றி மும்மூன்று கால்களாகக் கொத்துகள். நான்கு மூலையிலும் இரண்டிரண்டு கொத்து. ஒரு சுற்றுக்கு ஒரு நிறம். நூல் தீர்ந்தால் அடுத்த சுற்றுக்கு வேறு நிறம் எடுத்துக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் இதன் செய்முறை வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இதன் பெயரைத் தமிழாக்கினால் பாட்டிச் சதுரம் என்று வரும். எல்லா ஊரிலும் மிச்சத்தைச் சேர்த்து வைக்கிறவர்கள் பாட்டிகள்தான் போலிருக்கிறது.

எனக்கு இதில் இன்னொரு வசதி. ஒரு சுற்று பின்ன ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். ஒரு சினிமாப் பாட்டின் நீளம். பாட்டைப் போட்டுவிட்டு ஒலிவாங்கியை அடைத்தால் ஒரு சுற்று முடியும். நான்கு பாட்டுக்கு ஒரு சதுரம். இரண்டு ஊசி வைத்துப் பின்னுகிற ஸ்வெட்டர் பின்னல் மாதிரி டக் டக் என்று சத்தமும் வராது. என்னோடு சேர்ந்து நிகழ்ச்சி செய்கிறவர் இதை ஒரு நாள் நேரலையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். அது வேறு கதை.

முதல் சதுரத்தை அம்மாவிடம் காட்டியதும் சண்டை வந்தது. ஒவ்வொரு கொத்திலும் மூன்று டபுள் போட்டிருக்கிறேன் என்றேன். "டபுள் போட்டா பாய் மாதிரி விறைச்சுக்கும். ட்ரெபிள் போடணும்" என்றார் அம்மா. காணொளியில் டபுள் என்றுதான் சொன்னார்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இரண்டு நாள் இது ஓடியது. கடைசியில் அம்மா என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி, ஒரே ஒரு கால் பின்னிக் காட்டினார். நான் போட்டதும் அதுவும் ஒன்றுதான்! பிரிட்டிஷ் புத்தகங்கள் ட்ரெபிள் என்று சொல்வதைத்தான் அமெரிக்கர்கள் டபுள் என்கிறார்கள். அம்மா படித்தது பிரிட்டிஷ் புத்தகம், நான் பார்த்தது அமெரிக்கக் காணொளி. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இதை மட்டும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பின்னல் பிரிப்பது மிச்சமாகும்.

அந்த ஒரு காலோடு அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். விரல்கள் மரத்துப்போகின்றன, ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்க முடியவில்லை என்றார். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அவர் ஊசியைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசிச் சுற்றை எல்லாச் சதுரத்திலும் ஒரே நிறத்தில் போட வேண்டும். அப்போதுதான் கந்தர்கோளமாக இருக்கிற நிறங்கள் ஒரு குடும்பமாகத் தெரியும். படங்களில் பெரும்பாலும் கறுப்புதான் இருக்கும், எடுப்பாகவும் இருக்கும். "சீக்காளிக்குக் கறுப்பா? வேற நிறமே கிடைக்கலியா?" என்று அம்மா அதைத் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டார். அரக்கு நிறத்துக்கு வந்தோம். ரத்தக் கறை, மருந்துக் கறை எது பட்டாலும் அரக்கில் தெரியாது. ஆக, வெறும் மிச்ச நூலில் செய்த போர்வை என்று பெருமையடிக்க முடியாது. அந்தக் கடைசிச் சுற்றுக்கும் இணைப்புக்குமாக 50 கிராம் உருண்டை ஆறு வாங்கினேன். மிச்சத்தை வைத்துச் செய்கிற எதற்கும் கொஞ்சம் புதியது வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. பழைய சோற்றுக்குப் புது வெங்காயம் மாதிரி.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். நியூசிலாந்துக்குச் சுற்றுலா போன சக அறிவிப்பாளர், அங்கிருந்து வாங்கி வந்த கம்பளி நூலில் மிச்சத்தை எனக்குக் கொடுத்தார். மேகத்தின் சாம்பல் நீலம். அதில் மூன்று சதுரம் பின்னினேன். முதல் 12 சதுரங்கள் சேர்ந்ததும் ஆசை தாங்காமல் இணைத்துவிட்டேன். நோயாளி பயன்படுத்தப் போவது, சுத்தமாக இருக்க வேண்டும் என்று சலவை இயந்திரத்தில் சுடுநீரில் போட்டேன். வெளியே எடுத்தபோது அந்த மூன்று சதுரமும் பணியாரம் மாதிரி சுருங்கி, தடித்து, பக்கத்தில் இருந்ததையெல்லாம் இழுத்து மடக்கி வைத்திருந்தன. ஆட்டுக் கம்பளி சூட்டையும் உலுக்கலையும் தாங்காது. இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும். மறுபடி விரியவே விரியாது.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் அம்மா. பெயர்ச்சீட்டு இல்லாத நூல் எதுவென்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்து, மெழுகுவர்த்தியில் காட்ட வேண்டும். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், தீயை விலக்கினால் தானே அணையும். செயற்கை நூல் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். கலப்பு நூல் என்றால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டிக் குழப்பும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் சமையலறையில் இந்தப் பரிசோதனைதான். கம்பளியெல்லாம் தனிப் பைக்குப் போனது. பருத்தியும் செயற்கை நூலும் கலந்து இருக்கலாம் என்று முடிவு செய்தோம். இரண்டும் இயந்திரத்தில் துவைக்கத் தாங்கும். ஆனால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. செயற்கை நூல் சூட்டில் துவண்டுவிடும்.

தொலைக்காட்சி விரிப்பு பின்னிய காலத்து வெள்ளை நூல் ஓர் உருண்டை டின்னின் அடியில் இருந்தது. பழுப்பேறி மோர் நிறத்துக்கு வந்திருந்தது. மற்ற நூல்களுக்கு முன்னால் அது தையல் நூல் மாதிரி மெல்லிசு. மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னார். அப்படி நான்கு சதுரங்களுக்கு நடுவட்டம் வந்தது.

மிச்ச நூல் பின்னலில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத கொடுமை நூல் வால்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தொடக்கத்தில் ஒரு வால், முடிவில் ஒரு வால். நான்கு நிறம் என்றால் ஒரு சதுரத்துக்கு எட்டு. நாங்கள் கடைசியில் பின்னியது 57 சதுரம். ஆக 456 வால்கள். ஒவ்வொன்றையும் மொட்டை ஊசியில் கோத்து, அதே நிறத்துக்குள் ஒரு பக்கம் ஓட்டி, திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டி, மறுபடி ஒரு முறை ஓட்டிய பிறகுதான் வெட்ட வேண்டும். நான் முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். டயாலிசிசுக்குப் போகிற வழியில், காரில், அம்மா சதுரத்தைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவினார். "இங்க ஒரு முடிச்சு. இங்க ஒண்ணு. நாலு மணி நேரம் ஒரே பக்கமா படுத்திருக்கிறவளுக்குக் கடுகு விழுந்தாலும் குத்தும் தெரியுமா?" அத்தனையும் பிரித்தேன். "பின்பக்கத்தைப் பார்த்தா முன்பக்கம் எதுன்னு கேக்கணும். அப்பிடி இருக்கணும்" என்றும் சொன்னார். அது கொஞ்சம் அதிகம் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் மையத்தில் உறவினர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க முடியாது. பதினொரு மணிக்கு அம்மாவை விட்டுவிட்டு நான் வெளியே காத்திருக்கும் இடத்தில் பின்னுவேன். முடிந்த சதுரங்களை ஒரு பையில் போட்டு அம்மா உள்ளே எடுத்துப் போவார். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. சும்மா இருக்கிற வலது கையால் அவற்றை மடியில் பரப்பி, சீட்டாடுகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்குவாராம். மூன்று மணிக்கு வெளியே வரும்போது நிறங்களின் வரிசை தயாராக இருக்கும். நான் கைப்பேசியில் குறித்துக்கொள்வேன். ஒரு வரிசையில் ஏழு, மொத்தம் ஒன்பது வரிசை, 63 சதுரம் என்பது என் கணக்கு. சதுரம் 11 சென்டிமீட்டர். போர்வை நெஞ்சிலிருந்து முழங்கால் தாண்டி வரும்.

ஒரு புதன்கிழமை அம்மா வெளியே வந்து, "அறுபத்து மூணு வேணாம். அம்பத்தேழு போதும்" என்றார். ஆறு சதுரம் குறைத்தால் ஒரு வரிசைகூட முழுதாகக் குறையாதே என்று விழித்தேன். காரின் முன்பக்கத் தட்டில் சதுரங்களை அடுக்கிக் காட்டினார். இடது மேல் மூலையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று சதுரம் இல்லை. அந்தப் பள்ளத்தில் கை வெளியே இருக்கும். வலது தோளிலும் நெஞ்சிலும் போர்வை நிற்கும், சரியாது. "மிஸ்ஸிகிட்ட கேட்டுட்டேன். கை தெரிஞ்சா போதும்னாங்க."

கடைப் போர்வையின் மூலையையே கத்தரிக்கோலால் வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெட்டியிருக்கலாம்தான். எனக்கு அது தோன்றியபோது நாற்பது சதுரம் முடிந்திருந்தது. அம்மாவுக்கு எப்போது தோன்றியது என்று நான் கேட்கவில்லை.

உள்ளே மற்றவர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள். நான்கு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு அடுத்த நாற்காலியில் நிறம் அடுக்குவது ஒரு தொலைக்காட்சித் தொடர் மாதிரி. பக்கத்து நாற்காலி அங்கிள் மஞ்சளும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது என்பார். எதிர் வரிசை மாக்சிக் தன் மகள் பின்னிய துடோங் ஊசிப்பையின் மிச்சம் என்று இளஞ்சிவப்பு நூல் கொண்டுவந்தார். கடைசி நாற்காலிச் சீன ஆன்ட்டி ஒருவர் பச்சை நூல் அரை உருண்டை கொடுத்தனுப்பினார். வெற்றிலையின் பச்சை. இன்னும் இருக்கிறது, அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்றாராம்.

பலர் கை சேர்ந்த துண்டுப் போர்வை என்றதும் எனக்குச் சாங்கி நினைவுக்கு வந்தது. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைத்து வைத்திருந்த பெண்கள், எத்தல் முல்வானி என்ற கனடியப் பெண்ணின் யோசனைப்படி, கிடைத்த துண்டுத் துணிகளில் ஆளுக்கொரு சதுரம் தைத்தார்கள். அதில் தன் பெயரோடு மனத்தில் இருக்கிற ஏதாவது ஒன்று. சதுரங்களைச் சேர்த்து மூன்று போர்வைகள், ஒவ்வொன்றிலும் 66 சதுரம். காயம்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியப் போர்வீரர்களுக்கு என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். வேறு பகுதியில் அடைபட்டிருந்த கணவன்மார் கண்ணில் பட்டால் மனைவி உயிரோடு இருப்பது தெரியும் என்பது உள்ளே இருந்த கணக்கு. இரண்டு போர்வைகள் கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. மற்றொன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. அது தையல், இது பின்னல். ஆனாலும் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜப்பான்காரனுக்கும் ஒண்ணு தைச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பச்சை நூல் மற்றவற்றைவிடத் தடிமன். அதில் பின்னிய மூன்று சதுரமும் 12 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டன. இணைக்கும்போது அந்த வரிசை மட்டும் அலை அடித்தது. நூலும் இனி கிடைக்காது, பிரித்துவிட்டு வேறு நிறம் போடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

"பச்சையைப் பிரிக்காதே" என்றார் அம்மா.

"ஆன்ட்டிகிட்ட இன்னும் இருக்குன்னீங்களே, அதை வாங்கிட்டு வந்தா ஒரே அளவா மறுபடி பின்னலாம்."

"அவங்க இப்ப வர்றதில்ல."

நான் மேலே கேட்கவில்லை. சின்ன ஊசிக்கு மாறி, பச்சைச் சதுரங்களின் அரக்கு ஓரத்தை மட்டும் இறுக்கமாகப் போட்டேன். அலை முழுக்கப் போகவில்லை. கூர்ந்து பார்த்தால் தெரியும்.

தைப்பூசம் முடிந்து தொடங்கியது, ஆடியில் முடிந்தது. இணைத்ததும் எடை பார்த்தேன். 570 கிராம். கடைப் போர்வையைவிட இலேசு. வலைப்பையில் போட்டு, தண்ணீரைச் சுடவைக்காமல் துவைத்து, நிழலில் படுக்கையாகக் காயவைத்தேன். தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும்.

முதல் நாள் அம்மா அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்து உள்ளே கொண்டுபோனார். நான் வெளியே ஒரு மணி வரை ஏதோ படித்தேன். ஒன்றரைக்குக் கதவைப் பார்த்தேன். பழைய நாட்களில் தாதி வந்து, "உங்கம்மா இறங்கணுங்கறாங்க" என்று கூப்பிடுகிற நேரம் அது. இரண்டு ஆனது, இரண்டரை ஆனது. மூன்றே காலுக்கு அம்மா வெளியே வந்தார், கையில் கட்டோடு. முழு நான்கு மணி நேரம். எப்படி இருந்தது என்று கேட்டேன். கால் மாட்டில் ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது, இன்றைக்கே பார் என்றார். அதற்குப் பிறகு நேரம் குறைத்த நாட்கள் இருக்கின்றன. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, கால் தசை பிடித்துக்கொண்டது. குளிருது என்று இதுவரை சொல்லவில்லை.

போன வாரம் பக்கத்து நாற்காலி அங்கிள் தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார். நூல் அவர் வாங்கித் தருவாராம். மஞ்சளும் நீலமும் சேரக் கூடாதாம். ஆனால் அவருக்கு ஃபிஸ்டுலா வலது கையில். நான் கட்டத்தாளை எடுத்து, பள்ளத்தை வலது மூலைக்கு மாற்றி, புதிதாக வரிசை போடத் தொடங்கினேன். அரை மணி நேரம் உட்கார்ந்து போட்டிருப்பேன். அம்மா கோப்பி குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதே மாதிரி பின்னித் திருப்பிப் போட்டா அந்தப் பக்கம் வந்துடாதா?" என்றார். "அதுக்குத்தானே பின்பக்கத்தையும் ஒழுங்கா முடிக்கச் சொன்னேன்."